வீட்டு வண்டியின் மின்கலம் ஏன் நிரம்புவதில்லை?

ஓமின் விதியை அறியாதார் நம் சங்கத்தில் எவரும் இலர். பள்ளி இறுதி வகுப்பிலேயே அதை மனப்பாடம் செய்து, தேர்விலே எழுதி, மதிப்பெண்ணும் பெற்றுவிட்டோம். மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் வரும், அவ்வளவுதானே என்போம். மூன்றாண்டு மின்பொறியியல் பயின்ற நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில், இமயமலைப் பகுதியிலுள்ள ஓர் ஊரில், கையில் மீட்டரும் எதிரில் குளிர்ச்சி நின்றுபோன பெட்டியுமாக விழித்துக்கொண்டு நின்றபோதுதான், அந்த விதியை நான் உண்மையில் கற்கவே இல்லை என்பது புலனாயிற்று. அன்று கற்றதை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. கலைப் பிரிவு நண்பர்கள் அஞ்ச வேண்டாம். கூட்டலும் கழித்தலும் சிறிது பெருக்கலும் தெரிந்தால் போதும்.

முதலில் வீட்டு வண்டி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார்ஹோம் என்று மேல்நாட்டார் அழைப்பது இதைத்தான். வேன் ஒன்றின் உட்புறத்தில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி, சிறு குளிர்ப்பெட்டி ஆகியவற்றைப் பொருத்தி, குடும்பத்தோடு ஊர் ஊராகச் செல்வார்கள். நம் நாட்டில் இவை இன்னும் மிகுதியாக இல்லை. எனினும் தில்லியில் வாழும் தமிழன்பர் ஒருவர், பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், வேன் ஒன்றை வாங்கி அவ்வாறு மாற்றி அமைத்துக்கொண்டார். அவரை நாங்கள் மாமா என்றே அழைப்போம். பண்டிகை நாட்களில் விடுதி மாணவர்களுக்குச் சோறு போடுகிறவர் அவர். மாமாவும் மாமியும் மணாலிக்குப் புறப்பட்டபோது, வழித்துணையாக என்னையும் என் அறைத்தோழரையும் அழைத்துச் சென்றார்கள். "மின்சாரம் படிக்கிற பிள்ளை ஒருவன் கூட இருந்தால் எனக்குத் தைரியம்" என்று மாமி சொன்னார். அந்தத் தைரியம் எவ்வளவு தகுதியானது என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

இத்தகைய வண்டியில் மின்கலங்கள் இரண்டு உண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கானது. அது முன்புறத்தில் இருக்கும். மற்றொன்று வீட்டுச் செலவுக்கானது. மாமாவின் வண்டியில் அது பின்புறப் படுக்கைக்கு அடியில் இருந்தது. விளக்கு, விசிறி, குளிர்ப்பெட்டி எல்லாம் இந்த இரண்டாவது பாட்டரியிலிருந்தே மின்சாரம் பெறும். இரவில் இது வற்றிப்போனாலும் காலையில் எஞ்சின் கிளம்பவேண்டும் என்பதற்காகவே இப்பிரிவினை. அப்படியாயின் வீட்டுப் பாட்டரியை நிரப்புவது எது? வழிகள் மூன்று. வண்டி ஓடும்போது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஆல்ட்டர்னேட்டர் நிரப்பும். ஓரிடத்தில் நிறுத்தியிருக்கும்போது 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை வாங்கி ஒரு சார்ஜர் நிரப்பும். கூரைமேல் சூரியத் தகடுகள் இருந்தால் அவையும் நிரப்பும். மாமாவின் வண்டியில் தகடுகள் இல்லை. ஆகவே ஓடுகிற வேளையில் கிடைப்பதுதான் பெருவரவு.

ஓட்டத்தில் நிரம்பும் முறையைச் சிறிது விளக்கவேண்டும். ஆல்ட்டர்னேட்டர் ஏறத்தாழ 14.2 வோல்ட் அழுத்தத்தைத் தருகிறது. முன்புறப் பாட்டரியின் அழுத்தம் 13.3 வோல்ட் அளவுக்கு உயர்ந்ததும், ஒரு ரிலே தானாக மூடிக்கொண்டு, பின்புறப் பாட்டரியையும் அதனோடு இணைத்துவிடும். எஞ்சின் நின்று அழுத்தம் தாழ்ந்ததும் ரிலே திறந்து இரண்டையும் பிரித்துவிடும். இடையில் ஒரு பியூஸும், வண்டியின் நீளத்துக்கு ஒரு கம்பியும் உண்டு. திரும்பும் வழிக்குத் தனிக் கம்பி போடாமல், வண்டியின் இரும்பு உடலையே பயன்படுத்துவது வழக்கம். இந்தத் திரும்பும் வழியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். கதையே அங்குதான் இருக்கிறது.

இனி மின்கலத்தின் உள்ளே நிகழ்வது. பிரெஞ்சு அறிஞர் பிளான்டே 1859-இல் அமைத்த காரீய அமில மின்கலமே இன்றும் பெரும்பாலான வண்டிகளில் உள்ளது. காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் சேர்ந்து மின்சாரம் தரும்போது, தகடுகளின்மேல் காரீய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. எதிர்த்திசையில் மின்சாரம் செலுத்தினால் சல்பேட் கரைந்து அமிலம் மீண்டும் வலுப்பெறுகிறது. நன்கு நிரம்பிய பாட்டரி, சில மணி நேரம் சும்மா இருந்தபின், 12.7 வோல்ட் காட்டும். அதன் அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.265 இருக்கும். பாதி வற்றியது 12.1 அல்லது 12.2 வோல்ட். பாதி வற்றுவதற்கும் முழுதும் நிரம்புவதற்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் அரை வோல்ட்தான் என்பதைக் கவனியுங்கள். இந்தத் துறையில் அரை வோல்ட் என்பது சிறு தொகையன்று.

பாட்டரியை நிரப்பவேண்டுமாயின், அதன் முனைகளில் அதனினும் உயர்ந்த அழுத்தம் இருக்கவேண்டும். முழுமையாக நிரப்புவதற்கு 14 வோல்ட்டுக்கு மேலேயே வேண்டும், 14.4 என்பது பொதுவான அளவு. 13 வோல்ட் அளவிலே நிறுத்திவிட்டால் பாட்டரி நிரம்புவதுபோல் பாசாங்கு செய்யும். உள்ளே அரைகுறையாகவே இருக்கும். நாள்தோறும் அரைகுறையாக விட்டால் சல்பேட் கெட்டிப்பட்டு, பின்னர் எவ்வளவு முயன்றாலும் கரையாது. பாட்டரி நாளடைவில் செத்துப்போகும். அப்போது எல்லோரும் பாட்டரியின்மீதே பழி போடுவார்கள்.

மாமாவும் அவ்வாறே செய்திருந்தார். எங்கள் பயணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, "நிற்கவில்லை" என்று சொல்லிப் பழைய பாட்டரியைக் கழற்றிவிட்டு, 150 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள புதியதொன்றை வாங்கி வைத்திருந்தார். பழையது அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்தது. புதியதும் சில நாட்களில் அதே நோயைக் காட்டத் தொடங்கிற்று. வீட்டில் நிற்கும்போதெல்லாம் சார்ஜர் போட்டு வைத்ததால் நோய் மறைந்திருந்தது. நெடும்பயணத்தில் ஐந்தாம் நாள், பியாஸ் ஆற்றங்கரையிலுள்ள மண்டி நகரை அடைந்த அன்று மாலை, குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது.

வேறு குடும்பமாக இருந்தால் பாலும் தயிரும் கெட்டதோடு போயிருக்கும். மாமிக்கு நீரிழிவு நோய். நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஒரு மாதத்துக்கு வேண்டிய குப்பிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்கவேண்டும். திறந்த குப்பி சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். ஆயினும் மே மாதத்தில் மூடிய வேனின் உட்புறத்தைச் சாதாரண அறை என்று சொல்ல முடியுமா? பனிக்கட்டியிலே புதைத்து வைத்துவிடலாம் என்று என் தோழர் சொன்னார். அதுவும் ஆகாது; உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. சாலையோர உணவுக்கடைக்காரர் ஒருவரிடம் பனிக்கட்டி வாங்கி, குப்பிகளைத் துணியிலே பலமுறை சுற்றி, பனிக்கட்டி நேரே படாதபடி ஒரு வாளியில் வைத்தோம். மாமி ஒன்றும் பேசவில்லை. இரவு இரண்டு முறை எழுந்து துணியை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்று இரவே நான் என் ஆராய்ச்சியை நடத்தினேன். அதை உள்ளபடியே சொல்கிறேன். ஏனெனில் என் தவறுதான் இப்பாடத்தின் முதற்பகுதி. எஞ்சினை நிறுத்தி, வீட்டுப் பாட்டரிக்கு வரும் நேர்முனைக் கம்பியைக் கழற்றினேன். பின்னர் எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, அக்கம்பியின் நுனியில் மீட்டரின் சிவப்பு முனையையும் வண்டியின் இரும்பில் கருப்பு முனையையும் வைத்தேன். மீட்டர் 14.2 வோல்ட் காட்டிற்று. ஆல்ட்டர்னேட்டர் சரி, ரிலே சரி, பியூஸ் சரி, கம்பியும் சரி. எஞ்சியது பாட்டரி ஒன்றே.

"மாமா, பாட்டரி போய்விட்டது. வேறு வாங்கவேண்டியதுதான்" என்று தீர்ப்புக் கூறினேன்.

"இது வாங்கி இரண்டு மாதங்கூட ஆகவில்லையே, தம்பி!" என்றார் மாமா. அவர் குரலில் ஐயம் இருந்தது. ஆனால் படித்த பிள்ளை சொல்வதை மறுக்க அவருக்கு மனமில்லை.

என் தவறு எங்கே என்று இப்போதே கண்டுபிடித்துவிட்ட அன்பர்கள் இருப்பார்கள். மீட்டரின் உள்ளே பத்து மெகா ஓம் அளவில் தடை இருக்கிறது. அதன் வழியே ஓடும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்குதான். ஓட்டமே இல்லாதபோது, வழியில் எத்துணைத் தடை இருந்தாலும் அழுத்தம் குறையாது. சிறு எண்ணை எதனால் பெருக்கினால் என்ன? கம்பியில் நூறு இழைகள் அறுந்து ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 14.2 என்றே காட்டும். அந்த ஒற்றை இழையின் வழியே 30 ஆம்பியர் அனுப்பிப் பாருங்கள், இழை உருகிப்போகும். வேலை செய்யாமல் நிற்கிற கம்பியைச் சோதித்து, அது வேலை செய்யும் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டேன். நம் தேர்வுகளும் சிலவேளை அப்படித்தான் இருக்கின்றன. அது வேறு கதை.

மறுநாள் காலை பாட்டரி வாங்க ஒரு சிறு பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்த மிஸ்திரி வயதானவர். விலையைக் கேட்டோம், அவர் சொல்லவில்லை. "வண்டியைப் பார்க்காமல் விற்கமாட்டேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, கழற்றிய கம்பியை மீண்டும் மாட்டச் செய்தார். எஞ்சினைக் கிளப்பி, குளிர்ப்பெட்டியையும் விசிறியையும் ஓடவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இணைப்பையும் புறங்கையால் மெல்லத் தொட்டுக்கொண்டே பின்புறம் வந்தார். ரிலே, பியூஸ் பெட்டி, பாட்டரி முனை எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, கடைசியில் பாட்டரியின் எதிர்முனையிலிருந்து வண்டியின் தரைத்தகட்டுக்குச் செல்லும் சிறு கம்பியின் முடிவில், திருகாணி இருந்த இடத்தில் கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டு, என்னைத் தொடச் சொன்னார். நன்றாகச் சுட்டது.

அப்போது மீட்டரை எடுத்தேன். இம்முறை எஞ்சின் ஓடுகிறது; மின்சாரமும் ஓடுகிறது. ஒரு கிளாம்ப் மீட்டரை மிஸ்திரி கொடுத்தார். வீட்டுப் பக்கம் வரும் கம்பியில் 15 ஆம்பியர். அதில் குளிர்ப்பெட்டியும் விசிறியும் மற்றவையும் 6 ஆம்பியரை விழுங்க, பாட்டரிக்குப் போய்ச் சேர்ந்தது 9 ஆம்பியர். ஆல்ட்டர்னேட்டரின் முனையில் 14.2 வோல்ட், வீட்டுப் பாட்டரியின் முனைகளில் 12.9 வோல்ட். இடையில் 1.3 வோல்ட்டைக் காணோம். எங்கே போயிற்று?

இதைக் காண ஓர் எளிய முறை உண்டு. வழக்கமாக நாம் மீட்டரின் ஒரு முனையை நேர்முனையிலும் மற்றொன்றை எதிர்முனையிலும் வைப்போம். அவ்வாறன்றி, இரண்டையும் ஒரே பக்கத்தில், வழியின் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக வைத்தால், இடையில் இழந்த அழுத்தத்தை மீட்டர் நேராகவே சொல்லிவிடும். ஆல்ட்டர்னேட்டரின் நேர்முனையில் ஒன்று, வீட்டுப் பாட்டரியின் நேர்முனையில் மற்றொன்று: 0.45 வோல்ட். வீட்டுப் பாட்டரியின் எதிர்முனையில் ஒன்று, ஆல்ட்டர்னேட்டரின் உடலில் மற்றொன்று: 0.85 வோல்ட். கூட்டினால் 1.30. கணக்கு ஒப்பிற்று. மீட்டரின் சிவப்புக் கம்பி வண்டியின் நீளத்துக்கு எட்டாது. என் தோழர் பழைய விளக்குக் கம்பி ஒன்றை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். மீட்டருக்குச் செல்லும் கம்பி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் குற்றமில்லை. காரணம் மேலே சொன்னதுதான்.

திரும்பும் வழியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பிருந்தால் ஐயப்படவேண்டும். இங்கோ 0.85. அத்தனையும் அந்த ஒரு திருகாணியில். வண்டியை மாற்றி அமைத்தவர்கள், சாயம் பூசிய தகட்டின்மேலேயே வளையத்தை வைத்து, மரவேலைக்குப் போடுவதுபோல் ஒரு திருகாணியை முறுக்கிவிட்டிருந்தார்கள். தரையைக் கழுவிய நீர் இறங்கித் துருவும் ஏறியிருந்தது. 0.85 வோல்ட்டை 15 ஆம்பியரால் வகுத்தால் 57 மில்லி ஓம். எவ்வளவு சிறு தடை! விடுதியில் நாம் பயன்படுத்தும் சாதாரண மீட்டரை ஓம் அளவிலே வைத்து இதைத் தேடினால் சுழியம் என்றே காட்டும். ஆனால் அதே 0.85-ஐ 15-ஆல் பெருக்கினால் பன்னிரண்டே முக்கால் வாட். கடலைப் பருப்பளவு இடத்தில் அந்த வெப்பம் எழுந்தால் சுடாமல் என்ன செய்யும்? மிஸ்திரியின் புறங்கை அளந்தது இதைத்தான்.

இப்போது நோயின் வரலாறு விளங்குகிறது. மாமாவின் வண்டியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டம் என்று கொள்வோம். தொடக்கத்தில் 9 ஆம்பியர். பாட்டரி நிரம்ப நிரம்ப அதன் அழுத்தம் ஏறுவதால் அதுவும் குறைந்துகொண்டே வரும். மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 72 ஆம்பியர்-மணிக்கு மேல் வரவில்லை. வண்டி நிற்கும் பதினாறு மணி நேரத்தில் 6 ஆம்பியர் வீதம் 96 ஆம்பியர்-மணி செலவு. நாள்தோறும் சிறிது சிறிதாக முதலையே தின்றுகொண்டு வந்திருக்கிறோம். ஐந்தாம் நாள் முதல் தீர்ந்தது.

மிஸ்திரி அத்திருகாணியைப் பிடுங்கி எறிந்தார். வண்டியின் அடிச்சட்டத்திலே ஒரு துளையிட்டு, சுற்றிலும் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, தடித்த போல்ட்டும் பல்வைத்த வாஷரும் இட்டு இறுக்கி, மேலே வாசலைன் தடவினார். தடவுவது இறுக்கியபின், முன்னே அன்று. மறுபடி எஞ்சினைக் கிளப்பினோம். கம்பியில் 32 ஆம்பியர்! பாட்டரிக்கு 26. மூன்று மடங்குக்குக் கொஞ்சந்தான் குறைவு. மாமா என் முதுகில் தட்டினார். அதற்கு நான் தகுதியுடையவன் அல்லேன்.

பலரும் வேலை முடிந்தது என்று எண்ணுவது இந்த இடத்திலேதான். மிஸ்திரியோ மீட்டரைத் திரும்பப் பாட்டரியின்மேல் வைக்கச் சொன்னார். 13.2 வோல்ட். இன்னும் ஒரு வோல்ட்டைக் காணோம்! எதிர்ப்பக்கத்தில் இழப்பு 0.05-ஆகக் குறைந்துவிட்டது. நேர்ப்பக்கத்திலோ, முன்பு 0.45 இருந்தது இப்போது 0.95 ஆகியிருந்தது. நாங்கள் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லையே, எப்படிக் கூடிற்று? ஓட்டம் இரு மடங்காயிற்று. தடை அப்படியே இருந்தது. ஆகவே இழப்பும் இரு மடங்காயிற்று. ஒரு குற்றம் மற்றொரு குற்றத்தை மறைத்துக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள். முதற்குற்றம் ஓட்டத்தைக் கட்டிப்போட்டிருந்ததால், இரண்டாவது சாதுவாகத் தோன்றிற்று. பழுது பார்ப்பவர்கள் ஒவ்வொன்றைச் சரி செய்தபின்பும் முதலிலிருந்து அளக்கவேண்டும் என்பது இதனாலேதான்.

அந்த இரண்டாவது குற்றம் கம்பியின் பருமன். முன்னிருந்து பின்வரை 7 மீட்டர் நீளம். குறுக்குப் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். செம்பின் தன்மையை வைத்துக் கணக்கிட்டால், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 17 மில்லி ஓம் தடை. 6 சதுர மில்லிமீட்டருக்கு அதில் ஆறில் ஒரு பங்கு. 7 மீட்டருக்கு அதன் ஏழு மடங்கு. மொத்தம் 20 மில்லி ஓம். 32 ஆம்பியர் ஓடினால் 0.64 வோல்ட் அங்கேயே போய்விடும். மீதியில் பியூஸ் பெட்டி 0.21, ரிலே 0.10. கம்பி சூடாகி எரிந்துபோகாது; அந்த அளவில் அது பாதுகாப்பானதே. விற்பவரிடம் "32 ஆம்பியர் தாங்குமா?" என்று கேட்டால் "தாங்கும்" என்பார்; பொய்யும் அன்று. நாம் கேட்கவேண்டிய கேள்வி தாங்குமா என்பதன்று. எவ்வளவு அழுத்தத்தைத் தின்னும் என்பது.

25 சதுர மில்லிமீட்டர் கம்பி அவ்வூரில் அன்றே கிடைத்தது. அதன் தடை 5 மில்லி ஓமுக்கும் குறைவு. பச்சைப் பாசி பிடித்திருந்த பியூஸ் பெட்டியை மாற்றி, கம்பிக்கு ஏற்ற 80 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் போட்டார். கம்பியின் இரு நுனியிலும் பாட்டரிகள் இருப்பதால் இரு நுனியிலும் பியூஸ் வேண்டும் என்று சொல்லி, முன்பு இல்லாத இரண்டாவதையும் சேர்த்தார். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நடுவில் கம்பி உராய்ந்து இரும்பில் பட்டால், எந்தப் பாட்டரிப் பக்கம் பியூஸ் இல்லையோ அந்தப் பக்கத்திலிருந்து நெருப்புப் பிடிக்கும். எல்லாம் முடித்து எஞ்சினைக் கிளப்பியபோது கம்பியில் 50 ஆம்பியரைத் தாண்டிற்று. பாட்டரி முனைகளில் 13.6 வோல்ட் காட்டி, மெல்ல மெல்ல ஏறலாயிற்று. மாலைக்குள் 14 வோல்ட்டைக் கடந்தது. குளிர்ப்பெட்டி இரவு முழுதும் ஓடிற்று. மாமி குப்பிகளை மீண்டும் உள்ளே அடுக்கினார்.

மாமாவின் வண்டியில் இல்லாத, ஆனால் பிற வண்டிகளில் காணக்கூடிய நோய்கள் சிலவற்றையும் குறிப்பிடவேண்டும்.

சில வண்டிகளில் ரிலேக்குப் பதிலாக டயோடுகளால் ஆன பிரிப்பான் இருக்கும். சிலிக்கன் டயோடு தன் கூலியாக 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு பருத்த கம்பி போட்டாலும் அக்கூலி குறையாது. 14.2 வோல்ட்டில் புறப்பட்டது 13.5 ஆகத்தான் சேரும்.

ஆல்ட்டர்னேட்டரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. சாவியைத் திருப்பியதும் பாட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணையவேண்டும். பழைய அமைப்புகளில் அவ்விளக்கின் வழியே வரும் சிறு மின்சாரம்தான் ஆல்ட்டர்னேட்டரின் காந்தத்தை முதலில் உயிர்ப்பிக்கிறது. பல்பு எரிந்துபோனால், விளக்குத்தான் கெட்டது என்று அலட்சியமாக இருப்போம், ஆல்ட்டர்னேட்டர் உறங்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது மீட்டரை மாறுமின்னோட்ட அளவில் வைத்துப் பாட்டரியில் சோதித்து, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், உள்ளேயிருக்கும் டயோடுகளில் ஒன்று பழுதாகியிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் எவரும் செய்யவேண்டாம். அழுத்தம் திடீரென்று எகிறி வண்டியின் மின்னணுக் கருவிகளைக் கொன்றுவிடும்.

புதிய வண்டிகளில் மற்றொரு புதுமை உண்டு. முன்புறப் பாட்டரி நிரம்பியதும், எரிபொருளைச் சிக்கனம் செய்ய, எஞ்சினின் கணினி ஆல்ட்டர்னேட்டரின் அழுத்தத்தைத் தானே தாழ்த்திவிடும். அப்போது ரிலே, எஞ்சின் நின்றுவிட்டது என்று ஏமாந்து, திறந்துகொள்ளும். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்கேற்ற வண்டிகளில் இதை எதிர்பார்த்தே இருக்கவேண்டும். காலையில் நிரம்புகிறது, மதியம் நிரம்பவில்லை என்று வண்டிக்காரர் சொன்னால் இதை நினையுங்கள். தாழ்ந்த அழுத்தத்தை வாங்கி உயர்த்திக் கொடுக்கும் நேர்மின் சார்ஜர் ஒன்றை இடையில் வைப்பதே மருந்து. லித்தியம் பாட்டரி வைத்திருப்போருக்கும் அது இன்றியமையாதது. லித்தியம் கிடைத்த மட்டும் மின்சாரத்தை உறிஞ்சி ஆல்ட்டர்னேட்டரைச் சூடேற்றிவிடும். மேலும் அது சுழியப் பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிரில் நிரம்ப மறுத்தால் பழுதென்று எண்ணலாகாது. அதன் காப்புக் கருவி வேண்டுமென்றே தடுக்கிறது.

சூரியத் தகட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: தகட்டின் ஓர் ஓரத்தில் விழும் நிழல் அந்த ஓரத்தை மட்டும் கெடுப்பதில்லை. கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் வரிசை முழுதும் சோர்ந்துவிடும். மரநிழலில் நிறுத்திவிட்டுச் சார்ஜ் ஏறவில்லை என்று முறையிடுவோர் பலர்.

சோதிக்கப் புகுமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். பன்னிரண்டு வோல்ட் உடலைத் தாக்காது. ஆனால் ஸ்பேனரோ மோதிரமோ இரு முனைகளுக்கும் பாலமானால் நொடியில் செக்கச் சிவந்து போகும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் செய்யவேண்டும். நிரம்பும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். மூடிய படுக்கைக்கு அடியில் பாட்டரி வைத்திருப்போர் காற்றுப்போக வழி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கவேண்டும். சூட்டைத் தேடும்போது மிஸ்திரியைப்போலப் புறங்கையால் தொடுங்கள். சுட்டால் கை தானே பின்வாங்கும்.

மணாலி சென்று தில்லி திரும்பியதும், தாழ்வாரத்தில் கிடந்த பழைய பாட்டரியை மாமாவிடம் கேட்டு வாங்கி விடுதிக்குக் கொண்டுவந்தேன். காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, ஐந்து ஆம்பியர் வீதம் இரண்டு நாட்கள் பொறுமையாக நிரப்பினேன். ஆறு அறைகளிலும் ஒப்படர்த்தி 1.240-ஐத் தாண்டிற்று, அதற்குமேல் ஏறவில்லை. பிறகு 7.5 ஆம்பியர் சுமையைக் கொடுத்து, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை நேரத்தைக் குறித்தேன். நல்ல பாட்டரியாயின் இருபது மணி நேரம் தாங்கவேண்டும். இது பதினைந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கிற்று. கால் பங்குக்கு மேல் இழந்திருக்கிறது, எனினும் சாகவில்லை. இப்போது நம் சங்க அறையில், மின்சாரம் நின்றுபோகும் மாலைகளில் படிப்பு விளக்குகள் எரிவது அதிலிருந்துதான். அதன் எதிர்முனை இணைப்பை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யும் பொறுப்பை முதலாண்டு அன்பர் எவரேனும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். உப்புத்தாள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.